பனங்கிழங்கு வேரா, தண்டா?

ஆறாம் வகுப்பில் படிக்கும் மகளின் தேர்வுத்தாளைப் பார்த்துவிட்டு ஒரு அம்மா கேட்டிருக்கிறார். "பனங்கிழங்கு வேர்" என்று மகள் எழுதியதை ஆசிரியர் அடித்து "தண்டு" என்று திருத்திவிட்டாராம். வீட்டில் தாத்தாவோ, "மண்ணுக்குள்ள இருக்கறது எல்லாம் வேர்தான், போய்க் கேளு" என்கிறாராம். யார் சொல்வது சரி? கூடவே இன்னும் இரண்டு கேள்விகள்: நுங்கு காயா, விதையா? காய்க்கவே காய்க்காத பனை எதற்கு நிற்கிறது?

முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். மூன்று பேரும் சொல்வது தவறு. பனங்கிழங்கு வேரும் இல்லை, தண்டும் இல்லை. அது இலை. சரியாகச் சொன்னால், முளைத்துவரும் கன்றின் முதல் இலையுறை மாவைச் சேர்த்துக்கொண்டு தடித்துப்போனது.

மகள் மேல் குற்றமில்லை. கிழங்கு என்பது சமையலறைச் சொல். மண்ணுக்குள் பருத்துக் கிடக்கும் எதையும் நாம் அப்படித்தான் சொல்கிறோம். மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் உண்மையிலேயே வேர்கள். உருளைக்கிழங்கு தண்டு, அதன் மேல் இருக்கும் 'கண்' ஒவ்வொன்றும் ஒரு மொட்டு, அதனால்தான் கூடையில் மறந்து வைத்தால் அங்கிருந்து முளைவிடுகிறது. இஞ்சியிலும் மஞ்சளிலும் வளையம் வளையமாகக் கணுக்கள் தெரியும், அவையும் தண்டுதான். கணு, மொட்டு, செதில் இருந்தால் தண்டு. எதுவுமே இல்லாமல் மொழுமொழு என்று இருந்தால் பெரும்பாலும் வேர். அந்த ஆசிரியரும் 'வேர் இல்லை என்றால் தண்டாகத்தான் இருக்கும்' என்று போயிருப்பார். ஆனால் வெங்காயத்தை நினைத்துப் பாருங்கள். நாம் உரிப்பது எல்லாம் இலையின் அடிப்பாகம். அதன் தண்டு, வேரோடு சேர்த்து வெட்டி எறிகிறோமே, அந்தச் சின்னத் தட்டு மட்டும்தான். பனங்கிழங்கு வெங்காயத்தின் கட்சி.

இது எப்படி என்று புரிய வேண்டுமானால் கிழங்கிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. நுங்கிலிருந்து வர வேண்டும். உங்கள் இரண்டாவது கேள்வியும் அங்கேதான் இருக்கிறது.

குலையில் தொங்கும் முழு உருண்டை காய். அதைச் சீவினால் பொதுவாக மூன்று கண் இருக்கும். பெண் பூவின் சூலகத்தில் மூன்று அறை, அறைக்கு ஒரு சூல், ஒவ்வொரு சூலும் ஒரு விதையாகிறது. ஒன்றிரண்டு பிடிக்காமல் போனால் இரண்டு கண், ஒற்றைக் கண் காய்களும் வரும். ஆக, நாம் விரல் விட்டு நோண்டித் தின்பது முற்றாத விதை. அதன் மேல் ஒட்டிக்கொண்டு லேசாகத் துவர்க்கும் தோல் விதையுறை. உள்ளே வழுவழுவென்று இருப்பதைப் பாடப் புத்தகத்தில் முளைசூழ்தசை என்று போட்டிருப்பார்கள். முளைக்கப்போகும் குழந்தைக்குத் தாய் கட்டிக்கொடுக்கும் சோறு அது. குழந்தையே அதில்லை. குழந்தை ஒரு ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நுங்கு ஏன் தண்ணீராக இருக்கிறது? சாதாரணமாக ஒரு செல் பிரிந்தால் நடுவே சுவர் எழும்பும். இங்கே முதலில் உட்கருக்கள் மட்டும் பிரிந்து பெருகுகின்றன. சுவர் அப்புறம்தான் எழும்புகிறது. இளநீரிலும் இதே கதைதான். சுவர் எழும்ப எழும்பத் தண்ணீர் வழுவழுப்பாகி, வழுவழுப்பு ரப்பர் மாதிரி ஆகி, கடைசியில் கல்லாகிவிடும். கடுக்காய் நுங்கைத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்த அனுபவம் தென்மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு இருக்கும். அந்தக் கடினத்துக்குக் காரணம் மன்னான் என்ற கூட்டுச் சர்க்கரை. அரிசியைப் போல ஸ்டார்ச்சாக வைக்காமல், செல் சுவரையே தடிமனாக்கி அதில் உணவைச் சேமிக்கிறது பனை. வீட்டுச் செங்கல்லையே பின்னால் தின்றுகொள்ளலாம் என்பது மாதிரி.

இந்தச் சோறு உருவாக அப்பாவும் வேண்டும். அதை 1898ல் செர்கேய் நவாஷின் என்ற ரஷ்யத் தாவரவியலாளர் லில்லிப் பூவில் கண்டுபிடித்தார். மகரந்தத்தூளிலிருந்து இரண்டு ஆணணுக்கள் இறங்குகின்றன. ஒன்று கருமுட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றது அதே சூலுக்குள் இருக்கும் இரண்டு உட்கருக்களோடு சேர்ந்து முளைசூழ்தசையாகிறது. பூக்கும் தாவரங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் வழி. ஆகையால் நுங்கின் ஒவ்வொரு செல்லிலும் அம்மா பங்கு இரண்டு, அப்பா பங்கு ஒன்று.

அந்த அப்பாதான் நீங்கள் கேட்ட காய்க்காத பனை. ஒரே மரத்தில் ஆண் பூவும் பெண் பூவும் பூக்கும் தென்னையைப் போல இல்லை இது. ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. ஊரில் ஆண் பனையை அலகுப்பனை என்றும் பெண் பனையைப் பருவப்பனை என்றும் சொல்வார்கள். ஆண் பாளை தடித்த விரல்களைப் போல நீண்டு கிடக்கும். செதில்களுக்கு அடியில் ஒளிந்திருக்கும் பொடிப் பூக்கள் கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பார்க்கும். பெண் பூவோ பிறக்கும்போதே குட்டிக்காய் போல உருண்டையாக இருக்கும். தோட்டத்தில் 'வெறும் மரம்' என்று ஆண் பனைகளை எல்லாம் வெட்டிவிட்டு, அடுத்த சித்திரையில் நுங்கை எதிர்பார்ப்பது நியாயமில்லை. சிக்கல் என்னவென்றால், முதல் பாளை வரும்வரை எது ஆண் எது பெண் என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஆகும், சில நேரம் இன்னும் அதிகம். கொட்டையின் வடிவத்தை வைத்துச் சொல்லிவிடலாம் என்பவர்கள் உண்டு. நான் பணம் கட்ட மாட்டேன்.

சரி, விதைக்கு வருவோம். ஆடி, ஆவணியில் பழம் விழும். நாரோடு ஒட்டிய மஞ்சள் சதை, தெருக்கோடியிலேயே தெரிகிற வாசம். அந்த வாசம் நமக்காக ஏற்பட்டதில்லை, தூக்கிப்போக ஆள் கூப்பிடும் வாசம். ஆப்பிரிக்காவில் இருக்கும் இதன் உறவுப் பனையின் பழத்தை யானைகள் விழுங்கி வேறு இடத்தில் கொட்டையைப் போடுகின்றன. நம் பக்கத்தில் அந்த வேலையை மாடுகளும் மனிதர்களும் பார்க்கிறோம். யாழ்ப்பாணத்தில் சதையைப் பிழிந்து பாயில் ஊற்றிக் காயவைத்துப் பனாட்டு செய்துவிட்டு, கொட்டையைத் தனியே எடுத்து வைப்பார்கள். ஏனென்றால் அடுத்தது கிழங்குக்குப் பாத்தி போடும் வேலை.

இங்கேதான் பனை, பாடப் புத்தகத்தில் இருக்கும் அவரை விதைப் படத்திலிருந்து விலகிப் போகிறது. அவரை முளைக்கும்போது வேர் கீழே இறங்கும், குருத்து மேலே எழும்பும், இரண்டு பருப்பும் இரண்டு பக்கம் விரியும். பிள்ளைகள் மனதில் பதிந்திருக்கும் 'முளைத்தல்' அதுதான். பனையில் மேலே எதுவுமே வராது. ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தாலும், கொட்டை போட்டபடியே கிடக்கும். முளைக்கவில்லை என்று நினைப்பீர்கள். உருட்டிப் பார்த்தால் வராது, மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

நடப்பது இதுதான். அவரையின் பருப்புகளைத்தான் வித்திலை என்கிறோம், அதற்கு இரண்டு. பனைக்கு ஒற்றை வித்திலை. அந்த ஒற்றை வித்திலை இரண்டு வேலைகளைப் பங்கிட்டுக்கொள்கிறது. அதன் ஒரு நுனி கொட்டைக்குள்ளேயே இருந்துவிடுகிறது. மறுபாதி கொட்டையின் கண் வழியாக வெளியே வந்து, குழாய் போல நீண்டு, நேராக மண்ணுக்குள் இறங்குகிறது. பார்க்க வேர் மாதிரியே இருக்கும். தாத்தா ஏமாந்ததும் இதில்தான். ஆனால் அந்தக் குழாயின் அடி நுனிக்குள் பத்திரமாக உட்கார்ந்திருப்பது குழந்தை: முளைவேரும் குருத்தும். தாய் கட்டிக்கொடுத்த சோற்றுப் பொட்டலத்தை மேலே வைத்துவிட்டு, குழந்தையைக் கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்குவது போல இறக்குகிறது. ஒரு முழம் இறங்கும், அதற்கு மேலும் போகும். ஆழத்துக்குப் போன பிறகுதான் வேர் வெளியே கிளம்புகிறது. குருத்து அங்கிருந்து, அதே குழாய்க்குள்ளேயே, மேல்நோக்கித் திரும்பி வளர்கிறது.

மேலே, கொட்டைக்குள் தங்கிவிட்ட வித்திலையின் நுனி என்ன செய்கிறது? வீங்குகிறது. வெள்ளையாக, பஞ்சு போல உப்பி, கல்லாகிப்போன மன்னானைக் கரைத்துக் கரைத்து உறிஞ்சி, குழாய் வழியாகக் கீழே அனுப்புகிறது. அந்தப் பஞ்சுதான் தவுண். யாழ்ப்பாணத்தில் பூரான் என்பார்கள், கடிக்கிற பூரானோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். முளைத்த கொட்டையை அரிவாளால் இரண்டாகப் போட்டால் கிடைக்கும், மெல்லிய இனிப்போடு. கல்லை உடைத்துச் சர்க்கரையாக்கும் பட்டறையின் நடுவிலிருந்து எடுத்துத் தின்கிறோம், இனிக்காமல் எப்படி இருக்கும்? இப்போது சென்னையிலும் மதுரையிலும் தள்ளுவண்டியில் 'தேங்காய்ப்பூ' விற்கிறார்களே, முளைத்த தேங்காய்க்குள் இருக்கும் வெள்ளைப் பந்து, அதுவும் இதே உறுப்புதான். தென்னையில் குழாய் நீளாது, கன்று தேங்காயை ஒட்டியே கிளம்பிவிடும். அவ்வளவுதான் வித்தியாசம். செஷல்ஸ் தீவுகளின் இரட்டைத் தேங்காய் தென்னைக்கு உறவில்லை, பனைக்குத்தான் நெருங்கிய உறவு. உலகிலேயே பெரிய விதை அது. அதுவும் இப்படித்தான் குழாய் விட்டுக் குழந்தையைத் தூரமாக இறக்கி வைக்கிறது.

இனி கிழங்கு. குழாய் வழியாக வந்த சர்க்கரை அவ்வளவும் உடனே செலவாகாது. குருத்தின் வெளிப்புறத்தில், அதைப் போர்த்திக்கொண்டு, முதல் இலை ஒன்று இருக்கிறது. பச்சையாக விரியும் இலை இல்லை, வெறும் உறை மாதிரி. அதில் ஸ்டார்ச்சாக மாற்றிச் சேமிக்கிறது. உறை தடித்து, தடித்து, கிழங்காகிறது. அதாவது மேலே இருந்த பொட்டலத்தை வெள்ளாடோ எலியோ கொண்டுபோவதற்குள் கீழே மாற்றிக்கொண்டாயிற்று. மார்கழியில் தோண்டினால் கொட்டைக்குள் தவுண் வாடிக் கிடக்கும், கிழங்கு முற்றியிருக்கும். பொங்கலுக்குக் கரும்போடு கிழங்கும் சந்தைக்கு வருவது இந்தக் கணக்கில்தான்.

பாத்தி போடுகிறவர்களுக்கு இந்தச் சங்கதி எல்லாம் படிக்காமலே தெரியும். தரையைக் கொத்திப் போடுவதோடு நிற்காமல், பொலபொலவென்று மண்ணை உயரமாகக் குவித்து மேடாக்கி, அதன் மேல்தான் கொட்டையை நெருக்கி அடுக்குவார்கள். கிழங்கு கொட்டைக்குக் கீழே வளரப்போகிறது. மண் இறுகியிருந்தால் குழாய் கோணும், கிழங்கு குட்டையாகிவிடும். எடுக்கும்போதும் மேட்டைச் சரித்தால் போதும், முழத்துக்குக் குழி தோண்ட வேண்டாம். அவித்துத் தின்பது போக, யாழ்ப்பாணத்தில் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவில் மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சும் கூழைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதில் வேறு எங்கேயோ போய்விடும்.

இவ்வளவு சுற்றி வளைத்து ஏன் மண்ணுக்குள் போக வேண்டும்? பனை வளரும் இடங்களைப் பார்த்தால் தெரியும்: மேல் மண் காய்ந்து வெடிக்கும், ஆடு மேயும், கோடையில் புல்லுக்குத் தீ பிடிக்கும். வளரும் முனை ஒரு முழம் ஆழத்தில் இருந்தால் இவை எதுவும் அதைத் தொடாது. ஆடு மேலே வந்த இலையைக் கடித்தால் கடிக்கட்டும், கீழிருந்து அடுத்த இலை வரும். ஈரமும் அங்கேதான் இருக்கிறது.

இதிலிருந்து ஒரு நடைமுறை விஷயம். பனை விதை நடுவது இப்போது ஓர் இயக்கமாகவே ஆகியிருக்கிறது. 2021ல் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே 76 லட்சம் பனை விதைகள் தருவதாக அறிவித்தார்கள், மரத்தை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றும் சொன்னார்கள். ஏரிக்கரையில் பிள்ளைகள் வரிசையாகக் கொட்டை போடுவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் சின்னப் பையில் முளைக்கவைத்துக் கன்றாக எடுத்துப்போய் நடுகிறேன் என்று கிளம்ப வேண்டாம். குழாய் பையின் அடியை முட்டிச் சுருண்டுகொள்ளும், பிடுங்கும்போது ஒடியும். ஒடிந்தால் போச்சு, குழந்தை இருப்பதே அந்த நுனியில்தான். கொட்டையை அது வளர வேண்டிய இடத்திலேயே ஊன்றிவிட்டு, கொஞ்ச காலம் மறந்துவிடுவதுதான் நல்லது.

மறப்பதற்கு நேரம் நிறைய உண்டு. மேலே முதலில் எட்டிப் பார்ப்பது விசிறியே இல்லை, புல் மாதிரி ஒற்றை நீள இலை. விசிறி வர வருடங்கள் ஆகும். வடலியாக, அதாவது இளம்பனையாக, இருக்கும் காலம் முழுக்க அது உயரமே ஆகாது. "நட்டு இத்தனை வருஷம் ஆச்சு, அப்படியே நிக்குது" என்று அலுத்துக்கொள்வார்கள். உள்ளே அது அடித்தண்டைப் பருமனாக்கிக்கொண்டிருக்கிறது. வேம்பு, புளி மாதிரி வருடா வருடம் சுற்றளவு கூட்டிக்கொள்ளும் அடுக்கு பனைக்குக் கிடையாது. எவ்வளவு அகலம் வேண்டுமோ அதை முதலிலேயே மண்ணுக்கடியில் கட்டி முடித்துவிட்டு, பிறகுதான் உயரக் கிளம்பும். அதனால் வெட்டுமரத்தில் ஆண்டு வளையம் தேடாதீர்கள். வைரம் பாய்ந்த கறுப்புச் சிராய்கள் எல்லாம் வெளிப்புறத்தில் நெருக்கமாக இருக்கும், உள்ளே போகப் போகச் சோறு மாதிரி மெத்தென்று. வேம்பில் இது தலைகீழ்: வைரம் நடுவில். தொல்காப்பிய மரபியல் இதை வைத்தே இரண்டாகப் பிரிக்கிறது. வெளியே வைரம் உள்ளவை புல், உள்ளே வைரம் உள்ளவை மரம். அந்தக் கணக்கில் பனை புல். இன்றைய தாவரவியலும் பனையையும் புல்லையும் ஒருவித்திலை என்ற ஒரே பெரிய பிரிவில்தான் வைத்திருக்கிறது. பொருள் ஒன்றேதான் என்று நான் இழுக்கவில்லை, ஆனால் பார்த்த கண் கூர்மையான கண்.

வளரும் முனையும் ஒன்றே ஒன்றுதான், உச்சியில். பக்கவாட்டில் மொட்டு எழும்பிக் கிளை விடுவது அபூர்வம். வேம்பை வெட்டினால் அடியிலிருந்து தழையும். பனையில் உச்சிக் குருத்தை எடுத்தால் மரம் முடிந்தது. பக்கக்கன்றும் கிடையாது, கொப்பு ஒடித்து நட்டும் வராது. வாழைக்கு வாழையடி வாழை உண்டு, பனைக்கு விதை ஒன்றே வழி.

பதநீரையும் சொல்லிவிட்டால் முடிந்தது. இலைகள் செய்த சர்க்கரை புளோயம் குழாய்களில் இறங்கி, பூவும் காயும் ஆவதற்காகப் பாளைக்குப் போகிறது. பனையேறி பாளையைக் கட்டி, நசுக்கிப் பதப்படுத்தி, நுனியைத் தினமும் மெல்லிசாகச் சீவிக் கலயத்தைக் கட்டுகிறார். போகிற வழியிலேயே வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான். ஆண் பனையிலும் கிடைக்கும், பெண் பனையிலும் கிடைக்கும். சீவிய பாளையில் நுங்கு வராது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் காற்றில் இருக்கும் ஈஸ்ட் புகுந்து கள்.

மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். அவித்த கிழங்கு ஒன்றை எடுத்து, முதலில் மேலே இருக்கும் காய்ந்த தோலை உரிக்கச் சொல்லுங்கள். அது வித்திலையின் குழாய். பிறகு கிழங்கை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் நடுவில் வெளிறிய குருத்து ஒன்று தனியே வரும். பெரும்பாலும் அதைத் தூக்கிப் போட்டுவிடுவோம். போடாமல், நகத்தால் மெதுவாக விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மடிப்பு மடிப்பாக மடித்து வைத்த இலை. அதைப் பள்ளிக்குக் கொண்டுபோய் ஆசிரியரிடம் காட்டட்டும், கூடவே அவருக்கும் ஒரு கிழங்கு.